மச்சாளோடு ஒரு தேனிலவு: கோ பங்கான் தீவில் எட்டு நாட்கள்

தாய்லாந்துக்குப் போகிறேன் என்று சொன்னதும் கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் எல்லோரும் என்னைக் கேட்ட கேள்வி ஒன்றுதான். "அங்கை ஆர் இருக்கினம்?" எங்கள் ஆட்களுக்குப் பயணம் என்றால் லண்டனில் ஒரு கலியாணம், பாரிசில் ஒரு சாமத்தியச் சடங்கு, இல்லாவிட்டால் ஒரு செத்தவீடு. போகிற இடத்தில் சொந்தக்காரர் ஒருவரின் வீடு இருக்கவேண்டும். அவர்களுக்கு அரைப் பெட்டி நிறையச் சாமான் கொண்டுபோகவேண்டும். ஒருவரும் இல்லாத ஊருக்குக் காசு செலவழித்துப் போகிறவளை ஒரு மாதிரித்தான் பார்த்தார்கள். "ஒருத்தரும் இல்லை, அதுக்குத்தான் போறம்" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் அலுத்துவிட்டது.

உண்மையான காரணம் பவா மச்சாள், என் அண்ணையின் மனைவி. அண்ணை போன வருடம் தை மாதத்தில் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். இருபத்தேழு வருடம் விமான நிலையத்தில் ரக்ஸி ஓடியவர். பின்னேரம் போனால் வீடு திரும்ப விடியப்புறம் ஆகிவிடும். மச்சாள் மேல்மாடிக்குப் போய்ப் படுக்கமாட்டா. ஹோலில் உள்ள சோபாவில் ரீவியை மெல்லிசாகப் போட்டுவிட்டுச் சரிந்திருப்பா. கார் சத்தம் கேட்டதும் எழும்பிக் கதவைத் திறந்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, அதற்குப் பிறகுதான் இரண்டு பேரும் மேலே போய்ப் படுப்பார்கள். சென் ஜேம்ஸ் ரவுணில் இருபதாம் மாடியில் இருந்தபோதும் அப்படித்தான், ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கிய பிறகும் அப்படித்தான். அண்ணை வாழ்நாளில் வீட்டுச் சாவியைக் கையில் கொண்டுபோனதே இல்லை, அவருக்குத் திறப்பே தேவைப்படவில்லை.

அண்ணை போனபிறகும் மச்சாள் சோபாவை விட்டு எழும்பவில்லை. அதே இடம், அதே ரீவி. விடியும்வரை கண் மூடுவதில்லை. வைத்தியர் கொடுத்த நித்திரைக் குளிசை லாச்சிக்குள் அப்படியே கிடந்தது. மகன் கஜன் ஒஷாவாவில் தன் வீட்டுக்கு வந்து இருக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தான், முடியாது என்றுவிட்டா. "மாமி, ஷீ டஸன்ட் ஸ்லீப். லைக், அற் ஓல். நீங்கள் ஏதும் செய்யேலாதா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டான். ஒரு வருடம் முடியச் செய்கிற ஆட்டைத் திவசம் முடியட்டும் என்று காத்திருந்து, மார்ச் மாதத்துக்குப் பயணச் சீட்டுப் போட்டேன். எனக்கு ஒரேயொரு ஆசைதான். மச்சாள் ஒரு முழு இரவு, கட்டிலில், படுத்து நித்திரை கொள்ளவேண்டும்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன். ரொறன்ரோவிலிருந்து ஓரிடத்தில் விமானம் மாறி பாங்கொக் போய்ச் சேர இருபத்திமூன்று மணித்தியாலம் ஆனது. ஆளுக்கு 1,640 டொலர். அங்கிருந்து கோ சமுய் தீவுக்குச் சின்ன விமானம், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. கோ பங்கானில் விமான நிலையம் இல்லை, சமுயிலிருந்து படகில்தான் போகவேண்டும். அரை மணித்தியாலப் பயணம், சீட்டு 350 பாத். நாங்கள் போனபோது ஒரு கனடிய டொலருக்கு ஏறத்தாழ 24 பாத் கிடைத்தது.

மச்சாளின் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கறித்தூள், பருத்தித்துறை வடை, பயற்றம் பணியாரம், ஒரு கிலோ கைக்குத்தரிசி. "ஆருக்கு மச்சாள் இவ்வளவும்?" என்று கேட்டேன். "ஆரும் இருந்தாலும் இருப்பினம்" என்றா. நல்லகாலம், ஒருவரும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. நீங்கள் இப்படிக் கொண்டுபோகாதீர்கள்.

படகுத்துறையிலிருந்து எங்கள் விடுதி பன்னிரண்டு கிலோமீற்றர். பின்பக்கம் இரண்டு வாங்கு போட்ட பிக்கப் வண்டிகள்தான் அங்கே பஸ். ஆளுக்கு 200 பாத். சாரதி ஒரு வயதான மனிதர். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும்போதெல்லாம் மச்சாள் முன்னே சாய்ந்து, "அண்ணை, மெதுவாப் போங்கோ, அவசரமில்லை" என்று தமிழிலேயே சொன்னா. அவரும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டி வேகத்தைக் குறைத்தார்.

இப்போது என் மொக்கு வேலை. விடுதியின் இணையத்தளத்தில் 'இருவருக்கான சலுகை' என்று ஒன்று போட்டிருந்தார்கள். ஏழு இரவு, காலைச் சாப்பாடு, மசாஜ், யோகா, ஒருநாள் கயாக் ஓட்டம், எல்லாம் சேர்த்து இருவருக்கும் 980 டொலர். தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால் இருநூறு டொலர் மிச்சம். மிச்சம் என்று கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கண் வேறொன்றையும் வாசிக்காது. பதிவு செய்து முடித்துவிட்டேன். அறைக் கதவைத் திறந்தால், நடுவிலே ஒரேயொரு பெரிய கட்டில். அதன்மேல் துவாயால் செய்த இரண்டு அன்னங்கள் கழுத்தோடு கழுத்து சேர்த்து நிற்கின்றன. சுற்றிவர ரோசா இதழ். மேசையில் ஒரு சின்னக் கேக், அதில் எங்கள் இருவரின் பெயரும் ஒரு இருதயமும்.

மச்சாள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றா. "உது என்னடி சாந்தி?"

"தேனிலவு மச்சாள். தெரியாமல் போட்டிட்டன்."

பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அவ வாய்விட்டுச் சிரித்தா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தா. சிரித்து ஓய்ந்த பிறகு, "உன்ரை கொண்ணையோடை கூடத் தேனிலவு போகேல்லை. தங்கச்சியோடை வந்து நிக்கிறன்" என்றா. பிறகு அன்னங்களை மெதுவாகப் பிரித்து, துவாயை மடித்து அலுமாரியில் வைத்தா.

அன்றிரவு அவ கட்டிலில் படுக்கவில்லை. "நீ படு, நான் கொஞ்சத்தாலை வாறன்" என்று கதவோரம் கிடந்த பிரம்புக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டா. விடிய நான் கண் விழித்தபோதும் அதே கதிரையில் கதவைப் பார்த்தபடி இருந்தா. பூமிப்பந்தின் அடுத்த பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தும் சோபா பின்னாலேயே வந்துவிட்டது.

அடுத்த நாட்களில் சலுகையில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்தோம். காலை ஏழு மணிக்குக் கடற்கரையோரம் மரத்தளத்தில் யோகா. ஒன்றரை மணித்தியாலம், பாய் அவர்களே தருவார்கள். மச்சாள் கடைசி வரிசையில் நின்று பாதி செய்தா, மீதி நேரம் முன்னால் நின்ற பெண் இடுப்பில் குத்தியிருந்த பச்சையைப் பற்றி எனக்கு விளக்கம் சொன்னா. ஒருநாள் அருவிக்கு நடந்தோம். காட்டுப்பாதை, வேர்கள் கூடுதலாக இருக்கும், செருப்பு சரிவராது, சப்பாத்துப் போடுங்கள். ஒரு புத்த கோயிலில் மூலிகை ஆவிக்குளியல் இருக்கிறது, காணிக்கையாக 100 பாத். சின்ன அறைக்குள் எலுமிச்சம்புல் மணத்தோடு ஆவி மூடியிருக்கும், பக்கத்தில் இருப்பவரின் முகம்கூடத் தெரியாது. ஆவிக்குள் இருந்து மச்சாளின் குரல் மட்டும் வந்தது. "தடிமனுக்கு ஆவி பிடிக்கிறதுதானே இது? இதுக்கோ விமானம் ஏறி வந்தனாங்கள்?"

சாப்பாடு அவவுக்குப் பிடித்துக்கொண்டது. படகுத்துறைக்குப் பக்கத்தில் பின்னேரச் சந்தை இருக்கிறது, ஒரு ஆள் 150 பாத்துக்கு வயிறு நிறையச் சாப்பிடலாம். மாம்பழத்தோடு தேங்காய்ப்பாலில் ஊறிய ஒட்டரிசிச் சோறு வந்தபோது ஒரு வாய் வைத்துவிட்டு, "புக்கை" என்று, எங்கள் பொங்கலின் பெயரையே தீர்ப்பாகச் சொல்லி இன்னொன்று எடுத்தா. அண்ணைக்குப் புக்கை உயிர் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மசாஜில்தான் நான் நிறைய நம்பிக்கை வைத்திருந்தேன். கடலைப் பார்த்த திறந்த கொட்டில், தரையில் மெத்தை, இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில். மச்சாளுக்கு வந்தவ நொய் என்ற ஐம்பது வயதுப் பெண். வெளியே தனியாகக் கேட்டால் மணித்தியாலத்துக்கு 400 பாத், எங்களுக்குச் சலுகைக்குள் அடக்கம். எனக்குப் பத்து நிமிடத்தில் கண் செருகிவிட்டது. விழித்துப் பார்த்தால், பக்கத்து மெத்தையில் மச்சாள் எழும்பிச் சம்மணம் கொட்டி இருக்கிறா. நொய்யின் கையைத் தன் மடியில் வைத்து விரல் விரலாகப் பிடித்துவிடுகிறா. நொய் வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறா.

"என்ன மச்சாள் செய்யிறியள்?"

"காலமையிலையிருந்து எத்தினை பேரைப் பிடிச்சுவிட்டிருப்பாள். கை வலிக்குமெல்லே."

இப்படியான ஆளை என்ன செய்வது, சொல்லுங்கள்? ஒரு மனிதப் பிறவி தனக்கு ஒன்று செய்ய வந்தால் அவவுக்குக் கூச்சம். கொடுத்துப் பழகிய கை. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அன்றிரவும் பிரம்புக் கதிரைதான்.

நான்காம் நாள் தீவின் வடமேற்குப் பக்கம் போனோம். அங்கே கடலுக்குள் கோ மா என்ற குட்டித்தீவு இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் நடுவே ஒரு மணல்பாதை எழும்பும், அதன்வழியே கால் நனைய நடந்தே அங்கு போகலாம். மூச்சுக்குழாய் மாட்டி நீந்தி மீன் பார்க்க நல்ல இடம், சாமான் வாடகை 100 பாத். பாறைப் பக்கம் கவனம். நான் கவனமில்லாமல், கறுப்பாய் முள்ளு முள்ளாக இருக்கிற ஒரு கடற்பிராணியின் மேல் காலை வைத்தேன். முள் உள்ளே முறிந்துவிட்டது. விடுதியில் வெந்நீரில் காலை வைத்து, மருந்து போட்டுக் கட்டினார்கள். இரண்டு நாள் நடக்காதே என்றார்கள்.

அடுத்தநாள் கயாக் ஓட்டம். மச்சாளுக்கு நீச்சல் தெரியாது. நான் வராமல் அவ போகமாட்டா என்று நினைத்து, ரத்துச் செய்யப் போனேன். காசு திரும்பி வராது என்றார்கள். அதைக் கேட்டதும் மச்சாள் நிமிர்ந்தா. "இரண்டு பேரின்ரையும் வீணாப் போறதோ? நான் ஒராளாவது போறன்." அரைக்கைச் சட்டை, அதற்குக் கீழே சல்வார் காற்சட்டை, மேலே செம்மஞ்சள் லைஃப் ஜக்கற். முன்னுக்கு மச்சாள், பின்னுக்கு வழிகாட்டிப் பெடியன். பக்கத்துக் கயாக்கில் நெதர்லாந்துப் பெண்கள் இரண்டு பேர். எட்டரைக்கு வெளிக்கிட்டார்கள், பதினொன்றுக்குத் திரும்புவோம் என்றார்கள். மச்சாள் துடுப்பை உயர்த்திக் காட்டினா. நான் நொண்டிக்கொண்டு போய்க் கரையில் நின்று கையசைத்தேன்.

பதினொன்று ஆனது, வரவில்லை. பன்னிரண்டுக்குக் காற்று எழும்பிக் கடல் நுரைக்கத் தொடங்கியது. விடுதிப் பெண், "வேறொரு குடாவில் ஒதுங்கியிருப்பார்கள், பயமில்லை" என்றா. அங்கே தொலைபேசிக்குச் சிக்னல் கிடைக்காதாம். எனக்கோ தேடி நடக்கவும் முடியாது. அறை வாசலில் பிரம்புக் கதிரையை இழுத்துப் போட்டு, கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். ஒவ்வொரு மோட்டார்ச் சத்தத்துக்கும் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு வந்தது, தொடவில்லை. கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்துத் தேத்தண்ணி ஊற்றிச் சுடுதண்ணிப் போத்தலில் மூடிவைத்தேன். வரும்போது குடிக்கச் சூடாக ஏதாவது இருக்கவேண்டும் என்று தோன்றியது. அண்ணை இருந்து கேட்டால் என்ன பதில் சொல்லுவேன், கஜனுக்கு என்ன சொல்லுவேன் என்றுதான் மனம் ஓடியது. போத்தலை மூடும்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று விளங்கியது. மூன்று மணித்தியாலத்துக்கே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மச்சாள் இதை இருபத்தேழு வருடம் செய்திருக்கிறா.

இரண்டரைக்கு ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. காற்றுக்குக் கயாக்கை ஒரு குடாவில் ஏற்றிவிட்டுத் தெருவழியாக வந்திருக்கிறார்கள். மச்சாள் பின்பக்கத்தால் இறங்கினா. ஒரு காலில் செருப்பு இல்லை. மூக்கு நுனி வெயிலில் கறுத்துவிட்டது, தலைமயிர் முழுக்க உப்பு. "சாந்தி, ஆமை கண்டனான்! எனக்குப் பக்கத்திலை வந்து தலையை நீட்டிப் பாத்தது!" என்று கூவிக்கொண்டு வந்தா. கிட்ட வந்து என்னையும், கதிரையையும், தொடாத சாப்பாட்டையும், போத்தலையும் பார்த்தா. நடை நின்றுவிட்டது.

"ஏன் நீ சாப்பிடேல்லை?"

"நீங்கள் வரட்டும் எண்டு இருந்தனான்."

தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். படியில் இருந்து இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டா. பிறகு மெதுவாகச் சொன்னா.

"நான் வெளிக்கிட்டுப் போய்த் திரும்பி வரேக்கை, ஒராள் எனக்காக வாசல்லை இருந்தது இண்டைக்குத்தானடி."

நான் அவவின் தோளில் கையை வைத்தேன். உப்பும் வெயிலும் மணத்தது.

"அவர் வரமாட்டார் எண்டு எனக்குத் தெரியும் சாந்தி. விசரில்லை. ஆனா நான் மேலை போய்ப் படுத்தா, அவருக்குக் கதவு திறக்க ஆளில்லாமல் போயிடும் எண்ட மாதிரிக் கிடக்கும். அதுதான் இருக்கிறனான்."

சொல்லிவிட்டு அழுதா. செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை. நானும் அழுதேன், என் அண்ணையல்லவா. பிறகு உள்ளே போய்க் குளித்து, என் சாப்பாட்டில் பாதியைத் தானும் சாப்பிட்டு, தேனிலவுக் கட்டிலின் ஓரத்தில் சும்மா சாய்ந்தா. பத்து நிமிடத்தில் குறட்டை. கதிரையைக் கதவடியில் இருந்து தூக்கி அவவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தேன். பொழுது பட்டும் எழும்பவில்லை.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். அன்றிரவு நடுவில் எழும்பிக் கதிரைக்குப் போய்விட்டா. அடுத்த இரவு விடியப்புறம்வரை கட்டிலில் இருந்தா. ஏழாம் நாள் நொய் வந்தபோது, மச்சாள் தானாகவே மெத்தையில் குப்புறப் படுத்துக்கொண்டா. மணித்தியாலம் முடிந்தும் நித்திரை கலையவில்லை. எழுப்பாதே என்று கையால் காட்டி நான் இன்னொரு 400 பாத்தை நீட்டினேன். நொய் வாங்கவில்லை. மச்சாளின் பாதத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு, அவ எழும்பும்வரை கடலைப் பார்த்தபடி பக்கத்திலேயே இருந்தா. மச்சாளின் பருத்தித்துறை வடை கடைசியில் நொய் வீட்டுக்குத்தான் போனது. ஆரும் இருந்தாலும் இருப்பினம் என்று சொன்னது சரியாகத்தான் போய்விட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மாசி முதல் சித்திரை வரை கடல் அமைதி, மழை குறைவு. ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். பௌர்ணமியை ஒட்டித் தீவின் தெற்குப் பக்கத்தில் பெரிய களியாட்டம் நடக்கும், அமைதி தேடிப் போகிறவர்கள் நாளைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள், விலையும் ஏறிவிடும். கனடியக் கடவுச்சீட்டுக்குக் குறுகிய பயணத்துக்கு நாங்கள் விசா எடுக்கவில்லை. ஆனால் வருகை விபரத்தை முன்கூட்டியே இணையத்தில் நிரப்பவேண்டியிருந்தது, போகுமுன் நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள். மோட்டார் சைக்கிள் வாடகைக்கு மலிவுதான், ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தில் பழக்கமில்லாதவர்கள் ஓடவேண்டாம். பாறைப் பக்கம் போனால் காலுக்கு ரப்பர் சப்பாத்து. இருவருக்குமாக எல்லாச் செலவும் சேர்த்து ஏறக்குறைய 5,600 டொலர் வந்தது. தேனிலவுச் சலுகையைத் தயங்காமல் எடுங்கள். யார் தேனிலவுக்கு வருகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

திரும்பி வந்த அன்று கஜன் எங்களை ஸ்ரௌவ்வில் வீட்டில் இறக்கிவிட்டான். வாசலில் இன்னும் பனி கிடந்தது. மச்சாள் உள்ளே போய் லாச்சியைத் திறந்து, ஒரு திறப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்தா. ஒரு கீறல் இல்லாத புதுத் திறப்பு. "வீடு வாங்கின நேரம் அவருக்கெண்டு வெட்டினது. ஒருநாளும் கொண்டுபோகேல்லை. இனி நீ வந்தால் இதைப் போட்டுத் திறந்துகொண்டு வா, என்னைப் பாத்துக்கொண்டு நிக்காதை."

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை காலை, ஸ்காபரோவில் மீன் வாங்கிக்கொண்டு போனேன். மணி ஒன்பதரை. பெல் அடிக்கப் போன கையை இழுத்துக்கொண்டு திறப்பைப் போட்டேன். ஹோலில் ரீவி இல்லாத அமைதி. சோபாவில் கடைகளின் மலிவு விலைத் தாள்களும் மடிக்காத உடுப்பும் குவிந்து கிடந்தன, ஒருவர் படுக்க இடமில்லை. மேல்மாடியிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது.

மீனைக் குளிரூட்டியில் வைத்தேன். கேத்திலைப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றிப் போத்தலில் மூடிவைத்தேன். சோபாவில் கொஞ்ச உடுப்பைத் தள்ளிவிட்டு இருந்தேன். அவ ஆறுதலாக எழும்பி வரட்டும்.